எங்கள் கட்டிலின் அகலம்

மனச்சோர்வுக்கான மாத்திரையை நான் சாப்பிட ஆரம்பித்த இரண்டாவது வாரம் எங்கள் கட்டில் அகலமாகத் தொடங்கியது. முதலில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரு மத்தியானம் படுத்திருந்தபோது பக்கத்தில் கையை நீட்டினேன். எப்போதும் என் வீட்டுக்காரரின் தோள் இருக்கும் இடத்தில் வெறும் போர்வை இருந்தது. அவர் படுத்துத்தான் இருந்தார், கொஞ்சம் தள்ளி. மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. வாரக் கடைசியில் அவர் இருமினால் பக்கத்து வீட்டில் யாரோ இருமுவது போலக் கேட்டது.

அறை அப்படியேதான் இருந்தது. பீரோ, ஜன்னல், காலண்டர் எல்லாம் பழைய இடத்தில். கட்டில் மட்டும் உள்ளுக்குள் அகலமாயிற்று. ஆசாரியைக் கூப்பிட்டோம். கால்களுக்கு வெளியே அளந்தால் வாங்கினபோது இருந்த அளவே வந்தது. மெத்தைமேல் ஏறி உள்ளே அளந்தார், டேப் போதவில்லை. மரத்தில் குறை ஒன்றும் இல்லை, நல்ல தேக்கு என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். அடுத்து வாஸ்து பார்ப்பவர் வந்து கட்டிலைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போடச் சொன்னார். திருப்பினோம். அகலம் சமையலறைப் பக்கம் போய், உப்பு எடுக்கக்கூட மெத்தையைத் தாண்ட வேண்டியதாயிற்று. பழையபடியே திருப்பிவிட்டோம்.

என் பெயர் தமயந்தி. கோபியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து, டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. போன வருஷம் எனக்கு வலது மார்பில் கட்டி வந்து, கோயமுத்தூரில் மார்பையே எடுத்துவிட்டார்கள். பிறகு ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, ருசி போயிற்று. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். எல்லாம் ஒருவாறு முடிகிற சமயத்தில் ஒருநாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் அப்படியே இருந்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால் அழுகை வந்தது. சாப்பிட்டு முடித்தாலும் வந்தது. அப்போதுதான் மனநல டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்தார்.

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். அது என்னைச் சுவரிலிருந்து திருப்பியது. இட்லி ருசித்தது. மகளோடு போனில் பேசும்போது இரண்டு முறை சிரித்தேன். ஆனால் திரும்பிப் பார்த்தால் அவர் அங்கே, தூரத்தில், வெள்ளை பனியனோடு சின்னதாகத் தெரிந்தார்.

எனக்குள்ளும் ஒன்று மாறியிருந்தது. அவர்மேல் வெறுப்பு இல்லை. அவர் வேண்டாம் என்றும் இல்லை. வேண்டும் என்றுதான் இல்லை. ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது, யாரோ சத்தத்தை மட்டும் முழுக்கக் குறைத்துவிட்டார்கள் என்கிற மாதிரி. வேண்டும் என்று இருக்க வேண்டுமே என்று மட்டும் ஏக்கமாக இருந்தது. இருபத்தைந்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் நாங்கள். சண்டை போட்ட நாளில்கூட முதுகோடு முதுகு ஒட்டித்தான் தூங்குவோம்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் கேட்டார்கள். வாந்தி இருக்கிறதா, வாய்ப்புண் ஆறியதா, வெளிக்குப் போகிறதா, தூக்கம் வருகிறதா. கட்டில் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. உயிருக்கு மருந்து வாங்க வந்த இடத்தில் கட்டிலைப் பற்றிப் பேசுகிறவளை என்னவென்று நினைப்பார்கள்?

சும்மா கிடக்கிற இடத்தை எங்கள் சனம் விட்டுவைக்காது. நாத்தனார் சிவகாமி அடுத்த தெருவில் இருக்கிறாள். நாத்தனாரை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். தினமும் மத்தியானம் தூக்குப்போசியில் எனக்குக் கொள்ளு ரசமோ பருப்போ கொண்டுவருவாள். பாசக்காரி, வாய்தான் நீளம். கட்டிலைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம்.

"நல்ல எடம் அம்மிணி. ஊட்டு மேல காயப்போட்டா கொரங்கு வருது" என்று சொல்லி, கட்டிலின் நடுவில் மிளகாயைப் பரப்பினாள்.

"நங்கை, அது நாங்க படுக்கிற கட்டிலுங்" என்றேன்.

"நீ இந்தக் கோடியில, அவன் அந்தக் கோடியில. நடுவுல யாரு படுக்கறா? நோவு வந்த ஒடம்புக்கு இனி அதெல்லாம் என்னத்துக்கு. உசுரோட இருந்தாப் போதாதா?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நினைக்க முயன்றுகொண்டிருந்தேன். ஆனால் அந்த மிளகாயைப் பார்த்தபோது வயிற்றெரிச்சலாக இருந்தது. என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஆரஞ்சுப் பழத்தோடு கட்டிலின் நடுவில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். நடுவில் ஆள் நடமாட்டம் இருப்பதைப் பார்த்து இளநீர்க்காரர் ஒருவர் கடை போட்டார்.

என் வீட்டுக்காரர் எனக்குக் கஞ்சி கொண்டுவர முதலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். பிறகு மொபெட்டில் வந்தார். சென்னிமலைப் போர்வையின் கோடு பிடித்து நேராக ஓட்டினால் வழி தவறாது. கஞ்சியைக் கொடுப்பார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், இளநீர் வேண்டுமா என்று கேட்பார், திரும்பிப் போய்விடுவார்.

குரலும் எட்டாமல் போனபோது அவர் பழைய விசில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். டூட்டிக்கு இரண்டு வைத்திருப்பார், அதில் ஒன்று.

"ஏதாச்சும் வேணும்னா ஊது அம்மிணி. கேக்கும்" என்றார்.

கண்டக்டர் வீட்டில் விசிலுக்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்கும். இரட்டை விசில் என்றால் கிளம்பும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வார ஓய்வு. மத்தியானம் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கஞ்சிப் பாத்திரம் எதுவும் இல்லாமல் மொபெட்டில் என் பக்கம் கிளம்பினார். கஞ்சி இல்லாமல் வருகிறார் என்றால் எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். சட்டைக்குள் கையை விட்டுத் தையல் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவர் வந்து ஆசையாகப் பார்த்து, நான் மரக்கட்டையாகக் கிடந்தால் அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. விசிலை எடுத்து ஒருமுறை ஊதினேன். கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அவர் நின்றார். இளநீர்க் கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நின்றார்.

அப்புறம் வரவே இல்லை. காலையில் டூட்டிக்குப் போவார், சாயங்காலம் வந்து அதே இடத்தில் நிற்பார். தலையணையையும் அங்கேயே கொண்டுபோய்விட்டார். கஞ்சியைக்கூட நங்கையிடம் கொடுத்தனுப்பினார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னால் ஒரேயடியாக நின்றுவிட்டாரே, அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது, நான் விசில் ஊதியது நல்ல சாக்காகப் போயிற்று என்று எடுத்துக்கொண்டேன். யாரிடம் சொல்லி அழுவது? மாத்திரை சாப்பிட்டால் அழுகையும் பாதியில் நின்றுவிடுகிறது.

ஆகவே மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. தினமும் வாயில் போடுவதுபோலப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடியின் அடியில் துப்பினேன். செடி தளதளவென்று வளர்ந்தது. ஆனால் அந்த வருஷம் பூக்கவில்லை.

கட்டில் சுருங்கத்தான் செய்தது. இளநீர்க்காரர் காய்களை மூட்டை கட்டினார். நங்கை மிளகாயை வாரிக்கொண்டு போனாள். அவர் முகம் கிட்டே வந்துகொண்டிருந்தது. தாடி நரைத்திருப்பது தெரிந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது, காதுக்குள் மின்சாரம் ஓடுகிற மாதிரி சுரீர் சுரீர் என்றது. பொறுத்துக்கொண்டேன்.

குறைந்த அகலமெல்லாம் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதலில் தொய்ந்துபோன கயிற்றுக் கட்டிலில் படுத்த மாதிரி இருந்தது. பிறகு இரண்டு பக்கமும் மெத்தை சுவராக எழும்பியது. ஒருநாள் கண் விழித்தபோது நான் கிணற்றின் அடியில் இருந்தேன். மேலே மின்விசிறி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரிந்தது. அடியில் தண்ணீர் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. ஆசை திரும்பி வரும் என்று பார்த்தேன். ஆசையும் வரவில்லை, பசியும் போயிற்று. மேலே நின்று யாராவது மண்ணைத் தள்ளி மூடினாலும் சரி என்று தோன்றியது. அது எனக்குப் பயமாகக்கூட இல்லை.

அவர் தூக்குப்போசியில் இட்லி வைத்துக் கயிற்றில் இறக்கினார். நான் தொடவில்லை. அப்படியே மேலே இழுத்துப் பார்த்தார். பிறகு என் கல்யாணப் புடவையையும் அவர் வேட்டிகளையும் முடிந்து கட்டி, ஒரு முனையை பீரோ காலில் கட்டிவிட்டு, அவரே இறங்கி வந்தார்.

அடியில் இடம் குறுகலாக இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடித்தது. அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் உடம்பு என்மேல் பட்டது அப்போதுதான்.

"மாத்திரைய நிறுத்திப்போட்டியா அம்மிணி?"

"ஆமாங்."

"ஏனு?"

"நீங்க ரொம்ப தூரத்துல இருந்தீங்க."

அவர் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"மாத்திரையப் போடு சாமி. கட்டில் சத்தியமங்கலம் வரைக்கும் போனாலும் போகட்டும். எங்கிட்ட வண்டி இருக்குது. இப்புடி அடியில போயிட்டயின்னா நான் என்ன பண்றது?"

எனக்கு அப்போது அழுகை வந்தது. பாதியில் நிற்காமல் முழுசாக வந்தது.

என்னை மேலே தூக்கப் பின்தெருக்காரர் ஒருவர் தோட்டத்துக் கிணறு தூர் வாருகிற கிரேனைக் கொண்டுவந்து படுக்கையறையில் நிறுத்தினார். நங்கை, பீரோக் கண்ணாடி உடையாமல் பார்த்துத் திருப்பும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேராகக் கோயமுத்தூர் கிளம்பினோம்.

எனக்கு மாத்திரை கொடுத்த மனநல டாக்டர் பெனசீர் சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசுவார். அவர் எதிரே என் வீட்டுக்காரர் வெகுநேரம் தோள்துண்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்:

"ஊட்டுல கொஞ்சம் எடம் சாஸ்தி ஆயிருச்சுங் டாக்டர்."

"கட்டில்லயா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமாங்."

"எவ்வளவு?"

"மொபெட்டுல போற அளவுக்குங்."

"இப்ப?"

"இப்ப அகலம் இல்லீங். ஆழம்."

டாக்டர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். மேலே மண்ணைத் தள்ளினாலும் சரி என்று தோன்றியதா என்று நேராகவே கேட்டார். தோன்றியது என்றேன். இப்போது தோன்றுகிறதா என்றார். கிரேனில் ஏறினதிலிருந்து இல்லை என்றேன்.

"நல்லவேளை வந்தீங்க. அகலம் இந்த மாத்திரையால வர்றதுதாம்மா, நிறைய பேருக்கு வரும். உங்க மேலயும் தப்பு இல்ல, அவர் மேலயும் இல்ல. ஆனா நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது. அகலத்துக்கு வழி இருக்கு. ஆழத்துலேர்ந்து முதல்ல மேல வரணும். ஏன் முன்னாடியே சொல்லல?"

"உசுருக்குப் பாக்கிற எடத்துல இதைச் சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்" என்றேன்.

"உசுரோட இருக்கறவங்களுக்குத்தானே கட்டில்" என்றார் டாக்டர்.

நான் சாப்பிடும் புற்றுநோய் மாத்திரைக்கு இடைஞ்சல் பண்ணாததாகப் பார்த்து வேறு ஒரு மாத்திரைக்கு மாற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். ஊசி மருந்தால் உடம்பு வறண்டுபோயிருக்கும், வலிக்கும் என்று சொல்லி, அதற்குத் தடவ ஒரு ஜெல்லும் எழுதிக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"கட்டில் முழுசா பழைய அளவுக்கு வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். நடந்து போற தூரத்துக்கு வரும். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும்தான். இன்னொண்ணு, ஆசை முன்னாடியே வந்து நிக்கணும்னு காத்திருக்காதீங்க. சில சமயம் பக்கத்துல போய் உட்கார்ந்த பிறகு, அது பின்னாடி மெதுவா வரும்."

மழைக்காலம் முடிவதற்குள் கிணறு தூர்ந்து மெத்தை சமமாயிற்று. அகலம் கொஞ்சம் திரும்பி வந்தது, மறுபடி குறைந்தது. நங்கை இந்த முறை, யாரும் சொல்லாமலே, மிளகாயைத் தன் வீட்டு மாடியிலேயே காயப்போட்டாள். குரங்குக்கு ஒரு நாய் வளர்க்கப் போவதாகச் சொன்னாள். கடைசியில் எங்களுக்கு நடுவே ஒரு தலையணை போடுகிற இடம்தான் மிச்சம். ஆனால் அவர் அந்த இடத்தைத் தாண்டி வரவில்லை. அந்தப் பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"ஏனுங், அங்கயே நிக்கிறீங்க?"

"நீதான அம்மிணி ஒத்த விசில் குடுத்த."

"அது எப்பவோ குடுத்தது. கொஞ்சம் பொறுங்கன்னு குடுத்தனுங்."

"அப்புறம் ரெட்டை வரலியே. ரெட்டை வராம எப்புடி எடுக்கறது?"

"நீங்கதான கண்டக்டரு. நீங்கதான குடுக்கோணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"விசிலு யாரு கையில இருக்குதோ அவுங்கதான் கண்டக்டரு. நான் டிரைவரு. இத்தன மாசமா உன்ற விசிலுக்குத்தான் காதைத் தீட்டிட்டு இருக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. என் மேல்தான் ஆத்திரம். விசில் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. எடுத்துப் புடவையில் துடைத்தேன். உடனே ஊதிவிடவில்லை.

"பாக்கறதுக்கு நல்லா இருக்காதுங். தையல் கோணலா இருக்குது" என்றேன்.

"ஒட்டுப் போட்ட ரோட்டுலதான் நான் தெனமும் போறேன் அம்மிணி. எந்த எடத்துல மெதுவாப் போகோணும்னு தெரியும்."

"நடுவுல ஒத்த விசில் குடுத்தா?"

"நிப்பேன்."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எந்த டிரைவரு கோவிச்சுக்கறான்?"

எனக்கு ஆசை முழுசாக வந்துவிட்டதா என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. அவர் இந்தப் பக்கம் வரவேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினேன்.

அவர் வந்தார். வீடும் கிளம்பியது.

முதலில் ஒரு குலுக்கல். சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசி அடங்கின. ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடி மெதுவாகப் பின்னால் போயிற்று, அதன் பின் எதிர்வீட்டு வாசல், பிறகு கரண்ட் கம்பம். உள்ளே வெயிலும் காற்றும் மாறி மாறி வந்தன. தெரு முனையில் நங்கை தூக்குப்போசியோடு நின்று, வீட்டைப் பார்த்ததும் பஸ்ஸுக்கு நீட்டுவதுபோலக் கையை நீட்டினாள்.

நான் விசிலைத் தொடவில்லை. அவர் என் தோளிலிருந்து கையை எடுக்காமலே தலையை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"அக்கா, பின்னாடி காலியா ஒரு வீடு வருது. அதுல வந்துக்க" என்றார்.

நங்கை சரி என்று தலையாட்டிவிட்டு, தூக்குப்போசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு பின்னால் பார்த்தாள்.